புவாவான் ஒதுக்கிய ஒரு பிடி

எங்கள் லுவாங் பிரபாங் ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் நாள், விடிந்ததும் தெருவில் மண்டியிட்டுப் பிட்சுகளுக்குச் சோறு போடுவதில் தொடங்கும். அந்த ஒட்டரிசிச் சோற்றை அவர்களுக்கு விற்பவள் புவாவான். யார் கேட்டாலும் கொடுக்காமல் ஒரு பிடியை மட்டும் தனிக்கூடையில் ஒதுக்கிவிடுவாள். வரிசையின் கடைசியில் வரும் குட்டிச் சாமி அவள் பெற்ற பிள்ளை. காவி கட்டியவனைத் தாயும் தொடக்கூடாது. வரிசையில் பேசவும் கூடாது. அந்த ஒரு பிடிதான் அவளுக்கு.

அன்று வழிகாட்டி தோங், கட்டையில் போகிறவன், ஓடிவந்தான்.

"அக்கா, ஒரு அம்மாவுக்குச் சோறு பத்தல. அதக் குடு."

"அது என் பையனுக்குடா!"

"அவன் வயித்துக்குத்தான போகுது? யாரு போட்டா என்ன?"

பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். பக்கத்துப் பாயில் விற்றுக்கொண்டிருந்த என்னிடமும் ஒரு பருக்கை இல்லை.

பையன் வந்தான். வழக்கம்போல அவள் முன்னால் நின்று பாத்திரத்தைத் திறந்தான். அவள் வெறுங்கையைக் கூப்பினாள். பிள்ளை புரியாமல் விழித்துவிட்டு நகர்ந்தான். அடுத்திருந்த வெளியூர் அம்மாள் அதே சோற்றைப் போட்டாள்; கேமராக்கள் மின்னின.

வரிசை போனபின் அந்த அம்மாள் தோங்கிடம் ஏதோ கேட்டாள். அவன் இளித்தான்.

"அக்கா, உனக்குச் சாமி பக்தியே இல்லையான்னு கேக்குறாங்க. அந்தச் சின்னப் பையனுக்கு நீ ஒண்ணுமே போடலியாம்."

புவாவான் பாயைச் சுருட்டினாள்.

"இல்லன்னே சொல்லிடு."