குதிரையிலிருந்து இறங்கியவர்

குதிரைப் பந்தய சங்கத்தின் வரலாற்றை எழுத வந்த பத்திரிகைக்காரர், சங்கத்து வாசிப்பறைக்குள் நுழைந்த முதல் நாள், ஏணி உச்சியில் நின்று அலமாரி துடைத்துக்கொண்டிருந்த உருவத்தைப் பார்த்து, "தம்பி, இங்க பொறுப்பு யாருப்பா?" என்று கேட்டார். உருவம் திரும்பியது. தோள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தோள். முகத்துக்கு அறுபது வயது.

"நான்தாங்க" என்று அவர் ஏணியில் காலை மாற்றி வைத்தார். சன்னலோரம் சீட்டாடிக்கொண்டிருந்த உறுப்பினர்களில் ஒருவர் தலையைத் தூக்காமலே குரல் கொடுத்தார்: "பார்த்துப்பா! எறங்குறதுன்னா நம்ம ஆளுக்கு அவ்வளவு ஆசை!"

மேசை முழுக்கச் சிரித்தது. இறங்கியவரும் கூடவே சிரித்தார். சிரிக்காவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவார்கள் என்பது பழக்கத்தில் தெரிந்த விஷயம். சங்கத்தில் எல்லோருக்கும் அவர் எறங்கி. சம்பளம் கொடுக்கிற எழுத்தருக்குக்கூட அந்தப் பெயர்தான் முதலில் வாயில் வரும்.

எழுதத் தொடங்கும் முன் எதையெல்லாம் படிக்கலாம் என்று பத்திரிகைக்காரர் கேட்டார். எறங்கி புத்தகங்களைக் கைக்குழந்தை மாதிரி தாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"எந்தக் குதிரை எந்தத் தாய்க்குப் பொறந்துச்சுன்னு தெரியணும்னா இது. இந்தத் தடி புத்தகம் ஒரு டிரெய்னர் தன் கதையைத் தானே எழுதினது. பாதி பொய்ங்க. ஆனா லாயத்து நாத்தம் மட்டும் நெஜம். இது சண்டைக்காலத்துல பந்தயக் குதிரைங்கள பீரங்கி இழுக்கக் கொண்டுபோன கதை. சாப்பிட்டுட்டு உடனே படிக்காதீங்க."

"உங்களுக்குப் பிடிச்சது எது?"

"எனக்குப் பிடிச்சது இன்னும் அச்சுல வரலீங்க."

பத்திரிகைக்காரர் பேனாவை மூடினார். "அப்படின்னா?"

எறங்கி சீட்டு மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெளிய வாங்க, சொல்றேன்" என்றார்.

வாசிப்பறையின் பின்பக்கம், பழைய சேணங்கள் குவித்துக் கிடக்கும் கொட்டகை நிழலில் வைத்து அவர் சொன்ன கதை இது. அந்தக் காலத்தில் அவர் ஜாக்கி. எடை ஏறக்கூடாது என்று வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடி, எச்சிலைக்கூடத் துப்பித் துப்பி உடம்பைக் காய வைத்த ஜாக்கி. வருஷத்தின் பெரிய கோப்பைப் பந்தயத்தில் செவலை என்கிற குதிரையில் ஏறினார். செவலையின் முன்னங்கால் முந்தின வாரமே வீங்கியிருந்தது. பந்தயத்துக்கு முன் டிரெய்னர் ஊசி போட்டு அந்தக் காலை மரத்துப்போக வைத்தார். வலி தெரியாத குதிரை காற்றாய்ப் பறந்தது, முதலாவதாக வந்தது. எல்லைக் கம்பத்தைத் தாண்டியதுமே கீழே ஏதோ முறிவது ஜாக்கியின் தொடைக்குத் தெரிந்தது.

ஜெயித்த ஜாக்கி குதிரை மேல் இருந்தபடியே எடை பார்க்கும் அடைப்புக்குள் வந்து, அங்கேதான் இறங்கி எடை காட்ட வேண்டும். நடுவில் இறங்கினால் வெற்றி செல்லாது. குதிரைக்கு அடிபட்டிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. டிரெய்னர் வேலியோரம் ஓடி வந்து, "மூணு கால்லயாவது ஓட்டிட்டு வாடா!" என்று கத்தினார். செவலை ஒவ்வொரு அடிக்கும் நடுங்கியது. இவர் இறங்கிவிட்டார்.

விலக்கு கேட்க வேண்டுமென்றால் காலைக் காட்ட வேண்டும். காலைக் காட்டினால் ஊசி தெரியும். டிரெய்னர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கோப்பை போனால் அடுத்த வருஷம் வரும், உரிமம் போனால் வராது. நடுவர்கள் பார்ப்பதற்குள் செவலையைக் கொட்டகைக்குப் பின்னால் நடத்திக்கொண்டு போய்ச் சுட்டார்கள். குதிரைக்கு ஒன்றுமில்லை, ஜாக்கி குதித்ததில்தான் மிரண்டு ஓடிக் காலை ஒடித்துக்கொண்டது என்று டிரெய்னர் சத்தியம் செய்தார். அப்புறம் எதற்கு இவன் குதித்தான்? யாரிடமோ வாங்கிக்கொண்டு வெற்றியை விற்றுவிட்டான் என்று பந்தயத் திடலே பேசியது. ஜாக்கி உரிமம் அன்றே பறிபோனது. கொஞ்ச நாள் கழித்து அதே டிரெய்னர் பெரிய மனசு பண்ணி வாசிப்பறை வேலையை வாங்கிக் கொடுத்தார். இவர் வாய் தன் கண்பார்வையிலேயே இருக்கட்டும் என்றுதான். இப்போது டிரெய்னர் சங்கத்தின் துணைத்தலைவர்.

"இவ்வளவு வருஷம் கழிச்சு ஏன் சொல்றீங்க?" என்று பத்திரிகைக்காரர் கேட்டார்.

"என் பையனுக்காகங்க."

அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் அவர் மகன். பள்ளியில் அவனை எறங்கி மகன் என்று கூப்பிட்டார்கள். கல்லூரியில் கொஞ்சம் நாகரிகமாக, "உங்கப்பா எவ்வளவு வாங்கினாரு?" என்று கேட்டார்கள். அப்பா சொல்லும் கதையை அவன் பல தடவை கேட்டிருக்கிறான். கடைசியாகக் கேட்ட அன்று சட்டையை மாட்டிக்கொண்டே, "நீங்க சொல்றத நீங்க மட்டும்தான்பா சொல்றீங்க. எங்கயாவது அச்சுல வரட்டும், நம்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். வேறு ஊரில் வேலை, வேறு ஊரில் வீடு. அம்மாவுக்கு மட்டும் போன் பேசுவான்.

பத்திரிகைக்காரரிடம் பேசியதை வீட்டில் சொன்னதும் மனைவி கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டுத் திரும்பினாள். "உங்களுக்கு வாயில பூட்டே கிடையாதா? இருக்கிற வீடு சங்கத்து வீடு."

"எழுதிக்கிட்டாருடி. ஒரு வரி விடாம எழுதிக்கிட்டாரு."

"குதிரைக்குப் பாவம் பார்த்து எறங்கினீங்க. நமக்குப் பாவம் பார்த்து யாரு எறங்குறா பார்ப்போம்."

அப்படிச் சொன்னவள்தான் புத்தக வெளியீட்டுக்கு வரச் சொல்லி இவர் கேட்பதற்கு முன்பே மகனுக்குப் போன் செய்தாள்.

வெளியீட்டு நாள் காலையில் புத்தகக் கட்டுகள் வாசிப்பறைக்கு வந்தன. பிரித்து அடுக்குகிற வேலை எறங்கிக்கு. முதல் கட்டைப் பிரித்தார், புது மை வாசம் அடித்தது. அந்த வருஷத்துக் கோப்பைப் பந்தயத்தைத் தேடினார். வரலாற்றுப் பகுதியில் இரண்டாவதாக வந்த குதிரையின் பெயர்தான் வெற்றி பெற்றதாக இருந்தது. அது தெரிந்ததுதான். புரட்டிக்கொண்டே போனார். கடைசியில், 'பந்தயத் திடலில் சில வேடிக்கைகள்' என்ற பகுதியில் அவர் இருந்தார்.

'வெற்றிக் களிப்பில் மதிமயங்கிய அந்த ஜாக்கி, பார்வையாளர் வரிசையில் நின்ற ஓர் அழகிக்குத் தொப்பியைக் கழற்றிக் காட்டும் அவசரத்தில், விதியை மறந்து குதிரையிலிருந்து குதித்தே விட்டார். கோப்பையும் போயிற்று, அழகியும் திரும்பிப் பார்க்கவில்லை!'

புத்தகத்தோடு ஓடினார். பத்திரிகைக்காரர் மண்டப வாசலில் மாலை போட்டுக்கொள்ளத் தயாராக நின்றிருந்தார்.

"என்னங்க இது? எந்தப் பொம்பளைங்க?"

பத்திரிகைக்காரர் அவர் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். "நீங்க சொன்னது உண்மைதான், நான் நம்புறேன். ஆனா அச்சடிக்கிறது யாரு? துணைத்தலைவர். உண்மையப் போட்டா புத்தகமே வராது. எடுத்துட்டா நீங்களே இல்லாம போயிடுவீங்க. படிக்கிறவங்களுக்கும் ஒரு சிரிப்பு வேணுமில்ல? இப்ப பாருங்க, வரலாத்துல இருக்கீங்க."

மண்டபத்துக்குள் மகன் ஏற்கனவே வந்துவிட்டான். கடைசி வரிசையில், தேய்த்த சட்டையோடு, மடியில் புத்தகம். அவன் எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான் என்று அவ்வளவு தூரத்திலிருந்து எறங்கிக்குத் தெரியவில்லை.

துணைத்தலைவர் பேசினார். பேச்சின் நடுவில், "நம்ம வரலாத்து நாயகர் ஒருத்தர் இங்கயே இருக்கார்! எறங்கி, மேடைக்கு வா!" என்றார். மேடையில் ஒரு மரக்குதிரை நின்றது. புது ஜாக்கிகளுக்கு உட்காரப் பழக்குகிற குதிரை. அதன் மேல் ஏறி, அன்று இறங்கிய மாதிரி இறங்கிக் காட்ட வேண்டுமாம். படம் பிடிக்க ஆள் தயாராக இருந்தான்.

சங்கத்து வீடு, சங்கத்துச் சம்பளம். ஏறினார். ஏறியதும் முழங்கால்கள் தானாக மேலே வந்தன, முதுகு வளைந்தது, கைகள் இல்லாத கடிவாளத்தைப் பிடித்தன. மண்டபம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"சபாஷ்! இப்ப எறங்கு."

அவர் இறங்கவில்லை.

"எறங்குப்பா, கேமரா காத்துக்கிட்டிருக்கு."

"கால் ஒடிஞ்சிருந்துச்சு" என்றார் எறங்கி. கடைசி வரிசையைப் பார்த்து இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். "கால் ஒடிஞ்சிருந்துச்சுப்பா!"

துணைத்தலைவர் குனிந்து மரக்குதிரையின் காலைத் தட்டிப் பார்த்தார். மைக்கைப் பிடித்து, "எந்தக் கால்? தச்சரக் கூப்பிடவா?" என்றார்.

மண்டபம் வெடித்தது. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் சிரிப்பு தாங்காமல் பக்கத்து ஆள் மேல் சாய்ந்தார். எறங்கி கைகளை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் காவலாளி மேடையேறி, அக்குளில் கை கொடுத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக் கீழே வைத்தான். அதைத்தான் படம் பிடித்தார்கள். அடுத்த பதிப்பில் அதுவும் வந்தது.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் மகன் நின்றிருந்தான். மனைவி முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டாள்.

"தம்பி, அது அப்படியில்ல..." என்று ஆரம்பித்தார்.

"யாருப்பா அந்தப் பொம்பளை?"

"பொம்பளையே கிடையாதுடா. அவங்களா எழுதிக்கிட்டது."

"இத்தனை நாள் நீங்க காசு வாங்கினீங்கன்னு நெனச்சேன்" என்றான் மகன். குரலில் கோபம்கூட இல்லை. "அதுல ஒரு சாமர்த்தியமாவது இருந்துச்சு. ஆபீஸ்ல இதைப் படிச்சா என்னை என்னன்னு கூப்பிடுவாங்க, சொல்லுங்க."

"அச்சுல வந்ததெல்லாம் நெஜமாடா?"

"நீங்க சொன்னத மட்டும் எதுக்கு அச்சுல வரணும்னு அலைஞ்சீங்க?"

மகன் புத்தகத்தை வண்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு போனான். இப்போது அம்மாவுக்குப் போன் செய்வதும் குறைந்துவிட்டது.

எறங்கி இன்றும் அதே வாசிப்பறையில் வேலை பார்க்கிறார். குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் படிக்க எதில் தொடங்கலாம் என்று புதிதாக யார் வந்து கேட்டாலும் அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்பது துணைத்தலைவரின் உத்தரவு. அவர் அதை எடுத்துக் கொடுக்கிறார், அந்த வேடிக்கை எந்தப் பக்கம் என்று கேட்டால் அதையும் சொல்கிறார்.