பச்சைப் பாதங்கள்

சிமெண்ட் ஆலை இருக்கும் ரெட்டிபாளையத்து அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டச் சொல்லித்தரப் போனபோதுதான் அந்த ஆயாவைப் பார்த்தேன். நெடுநெடுவென்று உயரம், தோளில் எப்போதும் ஒரு ஈரத்துணி. கறை என்றால் அவருக்கு ஆகவே ஆகாது.

நான் பச்சைச் சாயத்தைக் கரைப்பதற்குள், பிள்ளைகளுக்கெல்லாம் பெரியவர்களின் பழைய சட்டையை முன்பின்னாக மாட்டி, நகக்கண் வரை தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். தரையில் காலி சிமெண்ட் சாக்குகளைப் பிரித்து விரித்தார். வெளிப்பக்கத்து எழுத்து துணியில் ஒட்டிவிடுமென்று உள்பக்கத்தை மேலே வைத்தார். அங்கேதான் கணக்குத் தப்பியது.

சாயத்தண்ணீர் கொட்டி, சாக்கில் ஒட்டியிருந்த சிமெண்ட் குழைந்தது. பிள்ளைகள் அதை மிதித்துக்கொண்டு அறை முழுக்க ஓடினார்கள். ஆயா ஒவ்வொன்றாகப் பிடித்துக் காலைக் கழுவி அனுப்பினார். தரையைக் கவனிக்கவில்லை.

மறுநாள் தரையெங்கும் குட்டிக் குட்டிப் பச்சைப் பாதங்கள் கல்லாக இறுகிக் கிடந்தன. ஆயா கத்தியால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சிமெண்ட் ஊர்லயே பொறந்து வளந்தும் இது தோணல பாருங்க சார்!”

“சட்டைக்கு அவ்வளவு பாத்தீங்களே, இப்ப தரை போச்சே?” என்றேன்.

“போனா போவுது சார். சட்டையில பட்டா வூட்ல புள்ளைக்கு அடி விழும். தரையில பட்டா என்னையத்தானே திட்டுவாங்க? திட்டிட்டுப் போறாங்க.”

திட்ட யாராவது வந்திருந்தால், அந்தப் பாதங்களுக்கு நடுவில் நின்றுகொண்டுதான் திட்டியிருக்க வேண்டும். திட்ட வாய் வந்திருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன்.