ஆறாவது தட்டு

கழித்தல் கணக்கை நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இன்றும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை பார்க்கிறேன். அங்கேகூட 'இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா' என்பதைக் கரண்டியைத் தூக்கிக் காட்டித்தான் கேட்பேன். அப்படிப்பட்ட என்னிடம் எங்கள் டீச்சர் ஒரு பிள்ளையை ஒப்படைத்தார்.

ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவர்தான். அதனால் பெரிய வகுப்புப் பிள்ளைகள், ஆளுக்கொரு சின்ன வகுப்புப் பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பது எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம். எனக்கு வந்தது என் தங்கச்சி, சித்தப்பா மகள். இரண்டாம் வகுப்பு. கூட்டலைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். கழித்தல்தான் ஏறவில்லை.

நாங்கள் எல்லாரும் ஒரே வீடு. அப்பா, அம்மா, நான், சித்தப்பா, சித்தி, தங்கச்சி என்று ஆறு பேர். அந்த வருஷம் சித்தி புதிதாக வந்த ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு நாள் வேனிலிருந்து இறங்கி ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்து இறந்துபோனாள். 'லாரி அடிச்சிடுச்சு' என்று தெருவில் கத்தியதைக் கேட்டு வாசலுக்கு ஓடி வந்த தங்கச்சியை உடனே சேரப்பணஞ்சேரியில் அவளுடைய மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்து அவள் திரும்பி வந்து, "அம்மா எங்க?" என்று கேட்டபோது, உள்ளதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"ஓ.டி. பாக்குது" என்றார் சித்தப்பா.

ஷிஃப்ட் முடிந்த பிறகும் இருந்து பார்க்கிற வேலைக்கு ஓ.டி. என்று பெயர். கம்பெனிகள் வந்த ஒரே வருஷத்தில் எங்கள் ஊர்க் கைக்குழந்தைகளுக்கும் அது தெரிந்திருந்தது. தங்கச்சி தலையாட்டிக்கொண்டாள். சித்தியின் படத்துக்கு மாலை போடாமல் பெட்டிக்குள் வைத்தார்கள். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, சித்தியைப் பற்றி அவளிடம் மூச்சு விடக் கூடாது என்று, வல்லக்கோட்டை முருகன் படத்துக்கு முன்னால் அம்மா சத்தியம் வாங்கினாள்.

சாயங்காலம் சாப்பாட்டுக்குத் தட்டு வைப்பது தங்கச்சியின் வேலை. தினமும் ஆறு தட்டு வைப்பாள். அம்மா ஆறாவது தட்டிலும் சோறு போட்டு மூடி வைப்பாள். விடிந்ததும் அது மாட்டுக்குப் போகும். நாலு மாதம் இப்படியே ஓடியது.

அந்தச் சமயத்தில்தான், பள்ளிக்கூடத்தைப் பார்க்க ஆபீசர் வருகிறார் என்று செய்தி வந்தது. பத்து நாள் இருந்தது. கழித்தல் வராத பிள்ளை ஒன்றாம் வகுப்பிலேயே போய் உட்காரட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். வீட்டில் சித்தப்பா அதற்கு மேலே போனார்.

"எனக்கு ஷிஃப்ட் மாறி மாறி வருது. இவள ஒக்கார வெச்சுப் படிக்கவெக்க யாரு கீறாங்க? ஒண்ணாங்கிளாஸுக்குத் தள்ளிட்டாங்கன்னா மாமா வூட்டுலயே வுட்டுடறேன். அங்க டியூஷனாவது கீது."

எனக்குத் தோழி என்று ஊரில் யாரும் கிடையாது. என்னிடம் ஓயாமல் பேசுகிற ஒரே ஜீவன் அவள்தான். அவளை அனுப்ப விடக் கூடாது, பத்து நாளில் கழித்தலை அவள் மண்டைக்குள் இறக்கியே தீருவது என்று முடிவு செய்தேன்.

பத்துப் புளியங்கொட்டையை வைத்து, மூன்றை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"மீதி எத்தினி?"

"பத்து."

"எண்ணிப் பாருடி. ஏழுதான கீது?"

"மூணு உன் கையில கீதேக்கா."

ஆட்டுக்கு மாறினேன். எட்டு ஆடு மேயப் போனது, இரண்டு ஏரிப் பக்கம் ஓடிவிட்டது, மீதி எத்தனை என்றேன். எட்டு என்றாள். பொழுது போனால் வந்துவிடுமாம். வேனில் ஒன்பது பேர், நாலு பேர் இறங்கிவிட்டார்கள் என்றேன். அவர்கள் நாளைக்கு ஏறுவார்களே என்றாள். முறுக்கு ஐந்து வாங்கி, அவள் கண் முன்னாலேயே இரண்டைத் தின்றேன்.

"இப்ப இன்னா பண்ணுவ? இது வருமா?"

"வயித்துல கீது" என்று என் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

பக்கத்தில் இருந்த பையன்கள் சிரித்துப் புரண்டார்கள். "டீச்சரம்மா, வயித்த அறுத்துக் காட்டுங்க டீச்சரம்மா!" எனக்கு அழுகை வந்தது. அவளைத் தொடையில் கிள்ளினேன். அவள் அழவில்லை. என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். மீதி முறுக்கில் ஒன்றை எனக்கே கொடுத்தாள்.

ஆனால் அந்த முறுக்கில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அவளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. போனதெல்லாம் எங்கேயோ இருக்கிறது, நேரமானால் திரும்பி வரும் என்று நினைக்கிறாள். அப்படியானால் வரவே வராத ஒன்றை அவளுக்குக் காட்ட வேண்டும்.

அதை ரோட்டுக்காரர்கள் செய்து கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மெயின் ரோட்டோரம் ஒன்பது புளியமரம் இருந்தது. ரோட்டை அகலமாக்க, சனிக்கிழமை வந்து வெட்ட ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமை காலை நாங்கள் போனபோது நாலு மரம் இருந்த இடத்தில் அடிக்கட்டை மட்டும் ஈரமாக இருந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்தக் கட்டைக்கு முன்னால் நிறுத்தினேன்.

"இது பொழுது போனா வருமா?"

நெடுநேரம் பார்த்தாள். கட்டையைச் சுற்றி வந்தாள். மேலே அண்ணாந்து பார்த்தாள்.

"வராது."

"நாளைக்கு?"

"வராதுக்கா."

"அப்ப மீதி எத்தினி?"

நிற்கிற மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். கடைசி மரத்திலிருந்து கத்தினாள். "அஞ்சு!"

நான் ரோட்டிலேயே குதித்தேன். அவளுடைய சிலேட்டில் கணக்கை எழுதி, அவள் எப்போதும் ஆசைப்படுகிற மாதிரி பெரிய 'சரி' கோடு ஒன்று போட்டேன்.

அன்று திரும்பி வரும்போது அவள், "அக்கா, வேற எதெல்லாம் வராது?" என்று கேட்டாள்.

வாத்தியார் ஆகிவிட்ட தோரணையில் அடுக்கினேன். உடைந்த சிலேட்டு வராது. எரிந்த தீக்குச்சி வராது. விழுந்த பல்லு வராது.

"பல்லு வரும்" என்று வாயைத் திறந்து காட்டினாள். பாதி முளைத்திருந்தது.

"சரி, பல்லு மட்டும் வரும்."

"டீக்கடை நாய்?"

போன மாதம் எங்கள் கண் முன்னால் லாரியில் அடிபட்ட நாய் அது.

"வராது."

"லாரி அடிச்சா வராதா?"

"லாரி அடிச்சா எப்டிடி வரும்? போனது போனதுதான். அதான் கழித்தல்."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை உதடு மட்டும் அசைய எதையோ எண்ணிக்கொண்டே வந்தாள். மனக்கணக்குப் போட்டுப் பழகுகிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆபீசர் வந்தார். பதின்மூன்றில் ஐந்து போனால் எத்தனை என்று அவளையே கேட்டார். எட்டு என்றாள். எப்படிச் சொன்னாய் என்றார். "அஞ்சு வராது சார்" என்றாள். அவர் சிரித்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதும் நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

வீட்டில் எப்படியும் பாராட்டுவார்கள் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். சாப்பாட்டு நேரம் வந்தது. தங்கச்சி தட்டுகளை எடுத்து வந்து வரிசையாக வைத்தாள். ஐந்து தட்டு. ஆறாவதை அலமாரியிலேயே விட்டிருந்தாள்.

சோற்றுப் பானையைத் தூக்கி வந்த அம்மா அப்படியே நின்றாள். உட்காரப் போன சித்தப்பா தட்டுகளைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார், பிறகு வெளியே போய்விட்டார்.

"பாத்தியாம்மா, கழித்தல் வந்துடுச்சு!" என்றேன்.

"இன்னாடி சொன்ன அவகிட்ட?" அம்மாவின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"மரத்தக் காட்டித்தான் சொல்லிக்குடுத்தேன். சித்தியப் பத்தி ஒரு வார்த்த சொல்லலம்மா, முருகன் மேல சத்தியமா."

அது உண்மை. சத்தியத்தை நான் மீறவே இல்லை. அப்புறம் ஏன் அம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள், அப்பா ஏன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சித்தப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். தங்கச்சியின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். "உன்ன எங்கயும் அனுப்பல" என்று மட்டும் சொன்னார். நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் என்னை யாரும் பாராட்டவில்லை என்று கோபமாக இருந்தது.

அப்போது தங்கச்சி என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, கணக்கு சரியா?"

சிலேட்டை நீட்டுவது போல இடது உள்ளங்கையை நீட்டினாள். சட்டைப் பையில் இருந்த பலப்பத்தை நாக்கில் தொட்டு, அந்தக் கை முழுக்கப் பெரிய 'சரி' கோடு ஒன்று போட்டேன். அவள் அந்தக் கையை இறுக மூடிக்கொண்டு, மற்றக் கையால் சோற்றைப் பிசைந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை திறக்கவே இல்லை.

நான் போட்ட கோடு அழிந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்றுதான் அன்று நினைத்தேன்.