கதவு அட்டையில் பதிந்திருந்த பாதங்கள்

மைமூன் டாக்டர் போய்விட்டார் என்ற செய்தி நான் சங்கரன்கோவிலில் என் மருந்துக்கடையைத் திறக்கும்போது வந்தது. கடைக்கு மேல் மாடியில் அவருடைய பல் ஆஸ்பத்திரியில் உதவிக்கு இருந்த செல்வி போனில் அழுதாள். "டாக்டரம்மா விடிகாலைல பஜர் தொழுதுட்டு உக்காந்தவங்களாம் அண்ணாச்சி. அப்படியே சாஞ்சுட்டாங்களாம்." ஷட்டரைப் பாதி தூக்கியவன் மறுபடி இறக்கிப் பூட்டிவிட்டு, அவருடைய ஊரான கடையநல்லூருக்குப் பஸ் ஏறினேன். பள்ளிவாசல் முன்னால் சங்கரன்கோவில் முகங்களாகவே இருந்தன. எல்லாரும் ஏதோ ஒரு நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவருடைய மாடிப்படி ஏறியவர்கள்.

உங்களில் பலருக்கு அவருடைய கை தெரியும். ஊசி போட்டதே தெரியாது என்பீர்கள். அதே கையில் உப்புத்தாளைப் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் ஒரு பழைய காரைத் தேய்த்துக்கொண்டிருந்தாரே, அந்தக் கதை முழுவதும் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். இடித்தாலும் மனம் பதறாத கார் வேண்டும் என்று புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவரிடம் ஒரு சின்ன வெள்ளைக் காரை வாங்கினார். கொஞ்ச வருஷத்தில் அதன் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. பட்டறையில் காட்டினார். கதவுகளின் அடியெல்லாம் துரு, மட்கார்டில் ஓட்டை, இந்த நிலையில் ஆர்.டி.ஓ. ஆபீசில் தேறாது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்றார்கள். திரும்பி வந்தவர் கடை முன்னால் காரை நிறுத்திக் குனிந்து, பல் குத்திப் பார்க்கும் கம்பியால் கதவின் அடியில் குத்திக்கொண்டிருந்தார்.

"இங்கன பாருங்க அண்ணாச்சி. மேல பெயிண்ட் நல்லா இருக்கு, உள்ள பொதபொதன்னு போகுது. சொத்தைப் பல்லேதான்."

"அதுக்கு நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"சொத்தைக்கு என்ன செய்வேன்? சுரண்டி எடுத்துட்டு அடைப்பேன். அவ்வளவுதான?"

அவ்வளவுதான் இல்லை என்பது அவருக்கே இரண்டு ஞாயிறுகளில் தெரிந்துவிட்டது. துருவைச் சுரண்டச் சுரண்ட ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. அவர் அசரவில்லை. முதலில் இந்தத் தண்ணீர் எப்படி உள்ளே தங்குகிறது என்று தேடினார். கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருந்த சின்னத் துளைகள் கரிசல் மண் அடைத்துக் கல்லாகிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் குத்தித் திறந்த பிறகுதான் ஓட்டையை அடைக்கும் பட்டி வாங்கவே கடைக்குப் போனார். தரைத்தகட்டில் இருந்த ஓட்டையை மட்டும் அவர் தொடவில்லை. "இது ஆளைத் தாங்குற இடம். பட்டி வச்சு ஏமாத்தக் கூடாது" என்று வெல்டிங் கடைக்கு அனுப்பினார்.

முதல் தடவை பெயிண்ட் அடித்தது ஆடிக் காற்றில். எல்லாரும் வேண்டாம் என்றோம். சாயங்காலம் பார்த்தால் மட்கார்டு முழுக்கப் புழுதி ஒட்டி ரவை தூவியது போல இருந்தது. டீக்கடையில் நின்றவர்கள் வாய்விட்டே சிரித்தார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, விரலால் தடவிப் பார்த்து, "ஓரத்துல மட்டும் வழவழன்னு இருக்கே, அது ஏன்?" என்றார். கடையின் சாக்குப் படுதா அந்த ஓரத்தில் காற்றை மறைத்திருந்தது. அடுத்த வாரம் காரைச் சுற்றிப் படுதா கட்டி, தரையில் தண்ணீர் தெளித்து, காற்று எழும்பும் முன்பே அடித்து முடித்துவிட்டார். டீக்கடையில் நின்று சிரித்தவர்கள்தான் படுதாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பின்பக்க இடது கதவைச் சரிசெய்யும்போதுதான் அந்த அட்டை வெளியே வந்தது. கதவின் உட்புறத்தில் ரெக்சின் ஒட்டிப் பொருத்தியிருக்கும் அட்டை. கிளிப்புகளை நெம்பி எடுத்தவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். நடுவில் வில்லாக வளைந்து உடைந்திருந்தது. ரெக்சினில் இரண்டு இடங்கள் தேய்ந்து பளபளத்தன.

"புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிருங்க டாக்டர்" என்றேன்.

"எப்படி உடைஞ்சுதுன்னு தெரியாம மாட்டினா அதுவும் உடையும்லா? இது வெளிய இருந்து இடிச்சது இல்ல அண்ணாச்சி. உள்ள இருந்து மிதிச்சது." தேய்ந்த இடத்தில் தன் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். "கீழ உள்ள தடம் சின்னப் பிள்ளைப் பாதம். மேல உள்ளது பெருசு. ஒரே ஆளு. மிதிச்சுக்கிட்டே வளர்ந்திருக்கு."

அதற்கு மேல் அவரால் இருக்க முடியவில்லை. அட்டையை டிக்கியில் போட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு புளியங்குடிக்குக் கிளம்பிவிட்டார்.

வியாபாரியின் பெயர் சுப்பையா. வாசலில் எலுமிச்சை மூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். காரைப் பார்த்ததும் எழுந்தார். விற்ற வண்டியில் குறை சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார் போல.

"அண்ணாச்சி, இந்தக் கதவை மிதிச்சது யாரு?" என்று டாக்டர் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. பதில் உள்ளே இருந்து வந்த அவர் மனைவியிடமிருந்து கிடைத்தது.

"எங்க பையன்தாம்மா. இசக்கி. பேச்சு வராது. பயிற்சிக்குன்னு வாரா வாரம் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போவோம். ஊர் போய்ச் சேருற வரைக்கும் அந்தக் கதவுல காலை வச்சு மிதிச்சுக்கிட்டேதான் வருவான். காரை வித்த பிறகு வாசல்லயே தேடிக்கிட்டுக் கிடந்தான்."

அவர் சொல்லி முடிக்கும் முன் இசக்கி வந்துவிட்டான். இருபது வயதுக்கு மேல் இருக்கும். காரின் சத்தம் அவனுக்கு எட்டியிருக்கிறது. யாரையும் பார்க்காமல் காரை ஒரு சுற்றுச் சுற்றி, பின்கதவைத் திறந்து ஏறி, வலது கதவில் முதுகைச் சாய்த்து, இடது கதவை நோக்கிக் காலை நீட்டினான். அட்டை இருந்த இடத்தில் வெறும் தகடுதான் இருந்தது. பாதம் பட்டதும் காலை இழுத்துக்கொண்டான். முனகினான். பிறகு தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளத் தொடங்கினான்.

டாக்டர் டிக்கியைத் திறந்து அட்டையை எடுத்து, மிச்சமிருந்த கிளிப்புகளில் அழுத்திப் பொருத்தினார். கதவை மெல்லச் சாத்தினார். இசக்கி பாதங்களை அதில் ஊன்றினான். கை நின்றது.

"எப்பவும் இப்படி அடிப்பானா?" என்று டாக்டர் தாயிடம் கேட்டார்.

"இப்ப கொஞ்ச நாளாத்தாம்மா. சரியாச் சாப்பிடவும் மாட்டேங்கான். புத்தி முத்திப் போச்சுன்னு நினைச்சோம்."

"ரெண்டு பக்கமுமா அடிக்கான்?"

அந்த அம்மா யோசித்தார். "இல்ல. ஒரு பக்கம் மட்டும்தான்."

முன்னால் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் மூன்று பேர் பிடித்தும் அவன் வாயைத் திறக்கவில்லை என்றார் சுப்பையா. டாக்டர் முன்சீட்டில் ஏறி, முழங்காலிட்டுப் பின்பக்கம் திரும்பினார். அவனைத் தொடவில்லை. தன் வாயை அகலத் திறந்து, போன் விளக்கைத் தன் பற்களில் அடித்துக் காட்டினார். அவன் பார்த்தான். திரும்பிக்கொண்டான். மறுபடி பார்த்தான். தெருவில் எலுமிச்சை லாரி ஒன்று வந்து, பின்வாங்கி, போய்விட்டது. டாக்டர் வாயைத் திறந்தபடியே இருந்தார். கடைசியில் அவனும் திறந்தான்.

விளக்கை அணைத்துவிட்டு இறங்கியபோது டாக்டரின் கண்கள் கலங்கியிருந்தன. "கடைவாய்ப் பல்லு வேர் வரைக்கும் போயிருக்கும்மா. புத்தி ஒண்ணும் முத்தல. பிள்ளை வலிக்குதுன்னு சொல்லியிருக்கான்." அந்த அம்மா வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

திருநெல்வேலியில் மயக்கம் கொடுத்து அந்தப் பல்லை எடுத்தார்கள். அவன் அங்கே போனது இந்தக் காரில்தான். அதன் பிறகு மாதம் ஒரு தடவை டாக்டர் புளியங்குடிக்குப் போய், காருக்குள்ளேயே அவன் பற்களைப் பார்த்துச் சுத்தம் செய்துவிட்டு வருவார். உடைந்த அட்டைக்குப் பின்னால் மெல்லிய பிளைவுட் வைத்து ஒட்டினார். மேலே இருந்த ரெக்சினை மாற்றவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைச் சுற்றிப் பார்த்தவர், "எல்லாம் புதுசா இருக்கு, இது மட்டும் ஏம்மா இப்படி?" என்று கேட்டாராம். "அது ஒருத்தரோட இடம் சார்" என்றாராம் டாக்டர். வண்டி தேறிவிட்டது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, துபாயில் இருக்கும் அவர் மகன் என்னிடம் சாவியைக் கொடுத்து, "உம்மா இருந்தா யாருக்குக் கொடுப்பாங்களோ அவங்களுக்கே கொடுத்துருங்க மாமா" என்றான். நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை காரைப் புளியங்குடிக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

இசக்கி வந்தான். ஓட்டுநர் இருக்கையில் என்னைப் பார்த்தான். பின்சீட்டையும் டிக்கியையும் பார்த்தான். பிறகு ஏறி, காலை நீட்டி ஊன்றிக்கொண்டு, என்னை நோக்கி வாயைத் திறந்தான்.

மருந்து விற்கிறவனுக்குப் பல்லைப் பற்றி என்ன தெரியும்? இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவன் திறந்த வாயோடு காத்திருந்தான். போன் விளக்கைப் போட்டு ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன். பல் எடுத்த இடம் ஆறி, ஈறு கெட்டியாக இருந்தது. அதற்கு முந்தைய பல்லில், மிளகில் பாதிகூட இருக்காது, ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது.

அது என்ன புள்ளி என்று தெரியாமல் அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மைமூன் டாக்டர் எனக்கு விட்டுப்போயிருப்பது இந்த இருப்புக்கொள்ளாமைதான். தென்காசியில் ஒரு பல் டாக்டரிடம் பேசியிருக்கிறேன். வரும் வாரம் என்னோடு புளியங்குடிக்கு வருகிறார். நாற்காலி எதுவும் வேண்டாம், முன்சீட்டில் முழங்காலிட்டு உட்கார முடியுமா என்று மட்டும் கேட்டேன். முடியும் என்றார்.