மானுக்கு விதைத்த காராமணி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மான் வந்து தங்கியிருக்கிறது என்று நான் சொன்னபோது பள்ளிக்கூடத்தில் யாரும் நம்பவில்லை. கோரிமேட்டுக்கு மான் வருவதற்கு எந்த நியாயமும் இல்லை என்பது டீச்சரின் கருத்து. பெரிய ஆஸ்பத்திரியும் அதை நம்பி வரும் பேருந்துகளும் ஆட்டோக்களும் மருந்துக்கடைகளும் இட்லிக்கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இடம் அது. டீச்சர் சொன்னதில் தவறில்லை. ஆனாலும் மான் வந்திருந்தது.

அந்த வருஷக் கார்த்திகைப் புயலில், ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் மான்கள் வளர்த்த இடத்தின் கம்பிவேலிமேல் மரம் சாய்ந்து சில மான்கள் வெளியேறிவிட்டன. மற்றவற்றைத் தேடிப் பிடித்தார்கள். ஒரு பெட்டைப் புள்ளிமான் மட்டும் எப்படியோ சாலைகளைத் தாண்டி, எங்கள் வீட்டை ஒட்டிய மனைக்குள் நுழைந்துகொண்டது. அது பல வீடுகள் கட்டக்கூடிய பெரிய மனை. பிரான்சில் இருக்கும் ஒருவருக்குச் சொந்தம். அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. வீட்டில் பிரெஞ்சு மரியாதையோடு 'முசியே' என்று பேச்சு வந்தால் அது அவரைப் பற்றித்தான். முந்திரி மரங்களும் உன்னிச்செடியும் சீமைக்கருவையும் மண்டிக் கிடந்த அந்த மனைக்கு அப்பாதான் காவல். வேலை பார்த்த மில் மூடிய பிறகு அப்பா ஆஸ்பத்திரிக்கு எதிரே டிபன் கடை வைத்திருந்தார். கேட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கடையில் இட்லி ஊற்றுவதுதான் அவர் பார்த்த காவல்.

மானை முதலில் பார்த்தது அம்மா. துணி உலர்த்தப் போனவள் ஈரச் சேலையை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வந்து, "தோ, உன்னிப்பொதர்ல மானு நிக்கிது" என்றாள், காய்கறிக்காரர் வந்திருக்கிறார் என்று சொல்லும் குரலில்.

வனத்துறைக்காரர்கள் வலையோடு வந்து துரத்தினார்கள். அது சுவரில் மோதி விழுந்து, எழுந்து, முன்னங்காலில் ரத்தத்தோடு மறுபடி புதருக்குள் போய்விட்டது. அதற்குமேல் துரத்த வேண்டாம் என்று ஒருவர் நிறுத்திவிட்டார். உயரமான மனிதர்; வனக்காப்பாளர். எங்கள் கடையில் டீ குடித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்:

"ஓட்டிப் புடிச்சா பயத்துலயே நெஞ்சடைச்சி செத்துடும் சார். மயக்க ஊசியும் இந்த எடத்துக்குச் சரிப்படாது. சுவரு இடிஞ்ச பக்கமா ரோட்டுக்கு ஓடிச்சின்னா பஸ்சுல அடிபடும், இல்ல நாய் புடிச்சிடும். அது தானா ஒரு எடத்துக்கு வரணும்."

"தானா எப்பிடி சார் வரும்?"

"மழைப் புல்லு இருக்கிற வரைக்கும் வராது. பங்குனி வெயில்ல எல்லாம் காஞ்சிப்பூடும். அப்ப ஒரே ஒரு எடம் பச்சையா இருந்தா, அதை வுட்டு எங்க போவும்? இப்பவே எதனா வெதச்சி வைக்கணும்."

ஆஸ்பத்திரி மிச்சங்களைத் தின்று கொழுத்த நாய்கள் எங்கள் தெருவில் கூட்டமாகத் திரிந்தன. சாலைக்குப் போனால் மான் தப்பாது என்று எனக்கே தெரிந்தது.

விதைப்பது யார் என்ற பேச்சு வந்தபோது அம்மா, "நான் பாத்துக்கறேன்" என்றாள். அப்பா ஆச்சரியமாகப் பார்த்தார். அம்மா வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஆனால் கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகு அவள் மண்ணைத் தொட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் ஒரு துளசிச் செடிகூடக் கிடையாது. அதற்கு முந்தைய சில மாதங்களாக அவள் கடைக்கும் சரியாக வருவதில்லை. மாவு ஆட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் படுத்துவிடுவாள்.

மனையின் பழைய போர் மோட்டாருக்கு அருகே அரை ஏக்கர்போல இடத்தைச் சுத்தம் செய்தார்கள். வனக்காப்பாளர் காராமணியும் கம்பும் கொண்டுவந்து கொடுத்தார். சோளமும் போடலாமே என்று அம்மா கேட்டாள்.

"எளஞ்சோளம் வேணாம்மா. வெயில்ல வாடிச்சின்னா வெஷம்."

"ஆமா சார். மாட்டையே அந்தப் பக்கம் வுட மாட்டாங்க எங்க வூட்ல. மறந்தே பூட்டேன்" என்றாள் அம்மா. மறந்துபோனது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

செடி ஓரளவு வளரும்வரை மான் வாய் வைக்கக் கூடாது. துளிர்விடும்போதே தின்றுவிட்டால் வேரோடு போய்விடும். அதனால் சுற்றி வலை கட்ட வேண்டியிருந்தது. அப்பா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் சொல்லிவைத்துப் பழைய மீன்வலைகளை டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். வலை மலிவு; நாற்றம் இலவசம். கட்டிய அன்றே கோரிமேட்டுப் பூனைகள் எல்லாம் வேலியோரம் வந்து உட்கார்ந்துகொண்டன. மான் மனையின் கடைசி மூலைக்குப் போய்விட்டது. மானை வரவழைக்கச் செய்த ஏற்பாட்டால் மான் போகக்கூடிய மட்டும் தள்ளிப்போனதைக் கண்டு அப்பா வலைகளை அவிழ்த்தார். அம்மா அவற்றைப் பூந்திக்காய் போட்டு ஊறவைத்து, அலசி, மொட்டை மாடியில் காயப்போட்டாள். நாங்கள் அந்த வாரம் முழுக்க மீன் வாடையில் தூங்கினோம்.

முதல் விதைப்பு எங்களுக்கு நிலைக்கவில்லை. காராமணி நாலு இலை விட்டிருந்தபோது அடுத்த தெரு அக்காவின் ஆடுகள் இடிந்த சுவர் வழியாக வந்து, வலையைக் கொம்பால் தூக்கி, ஒரே காலையில் எல்லாவற்றையும் முடித்துவிட்டன. அம்மா சண்டைக்குப் போனாள். அந்த அக்கா அசரவில்லை.

"ஆடு மேஞ்சா குத்தம், மானு மேஞ்சா புண்ணியமா? ரெண்டுக்கும் வாயிதானே இருக்குது?"

அம்மா திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து மேய்ந்த பாத்தியில் உட்கார்ந்தவள், வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான், இனி விதைக்கமாட்டாள் என்று நான் நினைத்தேன். மறுநாள் காலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

இந்தமுறை நிலத்தை நீளவாக்கில் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சில நாள் இடைவெளிவிட்டு விதைத்தாள். ஒன்றை மான் மேயும்போது அடுத்தது தயாராகிவிடும். மைனாக்களையும் ஆடுகளையும் விரட்ட எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக நான் உட்கார்ந்தேன். சித்திரை பிறந்ததும் மனை முழுக்கப் பழுப்பாகிவிட்டது. அம்மாவின் பாத்திகள் மட்டும் பச்சை. கம்பு என் இடுப்புயரம் வந்திருந்தது. முதல் துண்டின் வலையை அம்மா அவிழ்த்துவிட்ட சாயங்காலம், மான் முந்திரி மரத்தடியில் நின்று வெகுநேரம் யோசித்தது. பிறகு ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து வந்து, காராமணிக் கொழுந்தைக் கடித்தது. அதன் வாய் பக்கவாட்டில் அசைவதைப் பார்த்து அம்மா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகிவிட்டிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு தினமும் வந்தது. அம்மா தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாலும் மேயும். வேறு யாராவது தலைகாட்டினால் ஓடிவிடும். வனத்துறை ஆட்கள் பாத்திகளைச் சுற்றி உயரமாக மூங்கில் நட்டுப் பச்சைத் துணியால் மறைத்து, ஒரு பக்கம் மட்டும் வழி விட்டார்கள். வழிக்கு மேலே கயிற்றில் தொங்கும் ஒரு கதவு. கயிற்றை அவிழ்த்தால் கதவு இறங்கிவிடும். மானை நாய்களிடமிருந்து காக்கத்தான் இதெல்லாம், இனி அது எங்களுடனேயே இருக்கப்போகிறது என்று நான் முடிவுசெய்துகொண்டேன். யாரும் என்னைத் திருத்தவில்லை.

இடையில் முசியே மனையை விற்றுவிட்டார். வாங்கியவரின் ஆள் ஒருவர் கடைக்கு வந்து, கத்திரி முடிந்ததும் பொக்லைன் விடுவோம், அதற்குள் மானை அப்புறப்படுத்திவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நாளாக நாளாக அப்பா பரபரத்தார். ஆனால் இரண்டு மூன்று நாள் மான் வரவேயில்லை. திரும்பி வந்தபோது மெலிந்திருந்தது. வந்ததே போதும் என்று மறுநாள் சாயங்காலமே பிடித்துவிட ஏற்பாடு செய்தார்கள்.

தெருவில் மரக்கூண்டு வைத்த வண்டி வந்து நின்றது. அம்மாவிடம் மட்டும் மான் பயப்படாது என்பதால் கயிறு அவள் கையில். அப்பாவும் வனக்காப்பாளரும் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள். நான் மொட்டை மாடியில் குப்புறப் படுத்திருந்தேன்; அங்கிருந்து எல்லாம் தெரியும், காற்று இல்லாததால் பேசுவதும் கேட்கும்.

மான் உள்ளே வந்தது. கம்புக்குள் நடந்துபோய்க் குனிந்து மேய்ந்தது. அம்மா கயிற்றை அவிழ்க்கவில்லை. அப்பா கையைக் காட்டினார். அம்மா அசையவில்லை. மான் வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, வந்த வழியே புதருக்குப் போய்விட்டது.

அப்பா வெளியே வந்தார். 

"இன்னா பண்ணிட்டு நிக்கிற? இவ்ளோ பேரு வேலையப் போட்டுட்டு வந்துகீறாங்க."

"அது கன்னு போட்டுருக்குது" என்றாள் அம்மா.

வனக்காப்பாளர் கொஞ்சம் யோசித்தார். "இருக்கலாம்மா. கூட்டத்துல இருந்தப்பவே சினையாயிருக்கும். நான் கவனிக்காம வுட்டுட்டேன். ஆனா குட்டி கூட வரலியே. நாயி தூக்கியிருக்கும். இத்தினி நாயிருக்கிற எடத்துல தங்காதும்மா."

"இல்ல சார். உசுரோட இருக்குது. பொதர்ல படுக்க வச்சிட்டு வருது."

"எப்பிடி சொல்ற?" என்று அப்பா இரைந்தார். "நீ பாத்தியா?"

"மடியப் பாத்தேன். குடிக்க ஆளு இல்லன்னா கல்லு மாதிரி கட்டிக்கும். நடக்கவே முடியாது, உசுரு போவும். இது தொளதொளன்னு ஆடுது. குடிச்சிட்டுத்தான் அனுப்பியிருக்குது."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வனக்காப்பாளரிடம் மிகவும் தணிந்த குரலில், "வண்டிய அனுப்பிச்சிடுங்க சார். அது கன்னோட வரட்டும்" என்றார்.

"பொக்லைன் வந்துடுமே சார்?"

"நான் போய்ப் பேசறேன்."

அப்பா யாரிடமும் போய் நின்று எதையும் கேட்கிறவரல்ல. மில் மூடியபோதுகூட ஊர்வலத்தில் கடைசி வரிசையில் நடந்தவர் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். மறுநாள் கடையை அடைத்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு மனை வாங்கியவரின் ஆபீசுக்குப் போனார். மத்தியானம் வரை உட்கார வைத்துவிட்டார்களாம். ஆனி பிறக்கும்வரை தவணை வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்த நாட்களில் அம்மா அடுத்த துண்டையும் திறந்துவிட்டாள். பால் கொடுக்கிற உடம்பு, அதிகம் தின்னும் என்றாள். காலையும் மாலையும் தண்ணீர் பாய்ச்சினாள். அப்பா கடையிலிருந்து வந்ததும் ஒரு தடியை எடுத்துக்கொண்டு, நாய் வராமல் இடிந்த சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் உண்மையில் காவல் காத்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஒரு சாயங்காலம் மானுக்குப் பின்னால் உன்னிச்செடி அசைந்தது. பூனையைவிடக் கொஞ்சம் பெரியதாக, உடம்பெல்லாம் புள்ளியாக, கால்களை எங்கே வைப்பது என்று தெரியாத ஒரு குட்டி வந்தது. தாய் கம்புக்குள் போனதும் அதுவும் போனது. காராமணி இலை ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு மடியில் முட்டியது.

அடுத்த முறை இரண்டும் சேர்ந்து வந்தபோது அம்மா கயிற்றை அவிழ்த்தாள். கதவு இறங்கியது. துணிக்குப் பின்னால் மான் இரண்டு சுற்றுச் சுற்றி, குட்டியருகே வந்து நின்றுவிட்டது. இருட்டியதும் அடங்கிவிடும் என்று ஆட்கள் வெளியிலேயே காத்திருந்தார்கள். விடியற்காலையில், உள்ளே தழை பரப்பிய கூண்டை வாசலோடு பொருத்தினார்கள். முதலில் குட்டி நுழைந்தது, பின்னாலேயே தாய். வண்டி மாநில எல்லையைத் தாண்டித் திண்டிவனம் சாலையில் போனது. காட்டுக்கு அனுப்பிவிட்டதாக வனக்காப்பாளர் பிறகு வந்து சொன்னார். வழியில் இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அம்மாவிடம் தனியாக ஒருமுறை சொன்னார்.

நான் அழுதேன். மானைத் தின்ன வைத்து ஏமாற்றிப் பிடித்துவிட்டார்கள் என்று இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. அம்மா சமாதானம் செய்ய வரவில்லை. பொக்லைன் வருவதற்கு முன் மிச்சமிருந்த காராமணியைப் பறித்துவந்து, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். ஆட்டுக்கார அக்காவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். மறுவாரத்திலிருந்து கடைக்கு வரத் தொடங்கினாள்.

மான் வருவதற்குச் சில மாதம் முன்பு அம்மா, கடைக்கு எதிரே இருந்த அதே ஆஸ்பத்திரியில் இருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்திருந்தாள். தம்பிப் பாப்பா வரவில்லை என்று எனக்குச் சொன்னார்கள். வரவில்லை என்றால் பிறகு வரும் என்று எடுத்துக்கொண்டேன். அப்பா தினமும் பந்து பந்தாக மல்லிகைப்பூ வாங்கி வந்தார். அம்மா அதில் ஒரு கண்ணியைக்கூடத் தலையில் வைக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பூவை மார்போடு வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவார். பால் வற்றுவதற்கு மல்லிகை கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரிய வர, நானே ஒரு பிள்ளை பெற வேண்டியிருந்தது.

மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அன்று நான் பார்த்ததெல்லாம், இரைந்து பேசிக்கொண்டிருந்த அப்பா, மடியைப் பற்றி அம்மா சொன்னதும் சட்டென்று அடங்கிப்போனதைத்தான். அம்மாவுக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அவள் பேச்சு வீட்டில் எடுபட்டதில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.