வாடகைக்கு விடாத கடைக்கு வரி

துவாஸ் துறைமுகத்தில் கப்பல் வேலையை விட்டுவிட்டு, தோள்பையோடு சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்குள் நடக்கிறேன். பிறந்த ஊர்தான், வீடுதான் இல்லை. பசியில் ஒரு பரோட்டாக் கடைக்குள் நுழைகிறேன். முதலாளி மைமூன் அக்கா சொத்து வரிக் கடிதத்தால் விசிறிக்கொண்டிருக்கிறார். கடை அவருக்குச் சொந்தம். ஆனால் வாடகைக்கு விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்துத்தான் இங்கே வரி போடுகிறார்கள். பக்கத்துக் கடையின் வாடகை ஏறிவிட்டது.

"அவன் பபிள் டீ விக்கிறான், வரி எனக்கு ஏறுது. கடைய வித்துடுங்கன்னு மகன் நச்சரிக்கிறான் லா."

"அமெரிக்காவுல ஒரு மாநிலத்துல தட்டு கழுவினேன் அக்கா. அங்க ஜனங்களே ஓட்டுப் போட்டு, வரி இதுக்கு மேல ஏறக்கூடாதுன்னு வச்சிருக்காங்க."

"அப்போ அங்கயே இருக்க வேண்டியதுதானே!" என்று சிரிக்கிறார். "இங்க அந்த ஓட்டு வர்ற வரைக்கும் கட நிக்காது தம்பி. காலையிலயும் திறந்தா சமாளிச்சுடுவேன். மாவு வீச ஆள் இல்ல."

"கப்பல்ல எனக்கு அதுதான் வேலை."

"எங்க, வீசு பாப்போம்."

முதல் மாவு கிழிகிறது. இரண்டாவது மேசை அகலத்துக்கு விரிகிறது. அக்கா மகனுக்குப் போன் போட்டு, "விக்கலடா" என்கிறார்.

மறுநாள் விடியும் முன்பே கல் காய்ந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். "வெறும் கோசோங்கா, முட்டை போட்டதா? சீக்கிரம் சொல்லு!" என்று அக்கா ஒவ்வொருவரையும் அதட்ட, நான் வீசிக்கொண்டே இருக்கிறேன்.