பல் டாக்டர் கட்டாத பொட்டலம்

அவளுக்குப் பல் டாக்டர் என்று பெயர் வைத்தவர் தையல்காரர். நாய்க்கு எலும்பு வேண்டுமென்று யார் வந்து நின்றாலும், "மொதல்ல அதோட பல்லைப் பாக்கணும், கூட்டிட்டு வாங்க" என்பாள். கூட்டி வந்தால், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கறிக்கடையின் பின்கட்டிலிருந்து வெளியே வருவாள். நாயின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உதட்டைத் தூக்கிப் பார்ப்பாள்.

"என் பல்லையும் ஒரு தடவை பாத்துடுங்கம்மா, ரெண்டு ஆடுது" என்று தையல்காரர் ஒருநாள் வாயைத் திறந்து காட்டினார்.

"உங்களுக்கு எலும்பு கெடையாது. கொத்துக்கறியோட நிறுத்திக்குங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

கடை அவள் கணவனுடையது. ஒரு காலையில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுக்கட்டை மேலேயே சாய்ந்தான். அதன்பின் கடை அவன் தம்பியின் பெயருக்குப் போனது. கத்தி இவள் கையில் நின்றது. முன்பக்கம் நின்று வியாபாரம் பேசுவது கொழுந்தன். பின்கட்டில் நின்று வெட்டுவது இவள். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அப்படியே ஆகிவிட்டது.

கழுத்து, முதுகு, வால், குரல்வளை எல்லாம் முன்பு ஒரே வாளியில் விழும். யார் கேட்டாலும் அள்ளிக் கொடுப்பார்கள். அவளும் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள், அங்கே வாங்கிய அறுத்த மாட்டுத் தொடை எலும்பு ஒன்றைக் கடித்த நாய்க்குக் கடைவாய்ப் பல் வேர் வரை பிளந்துபோனது. மருத்துவர் பிடுங்கிய பல்லை நாய்க்காரர் கொண்டுவந்து தராசுத் தட்டில் போட்டார். கறி வாங்காமல் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவள் எலும்பைப் படிக்கத் தொடங்கினாள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு எலும்பாக எடுத்து வளைப்பாள், முறிப்பாள், சுத்தியலால் தட்டுவாள். அதே எலும்பை வேக வைத்து மறுபடி முறிப்பாள். பச்சைக் கழுத்தெலும்பு வளைந்துகொடுத்து நாராகக் கிழிந்தது. வெந்தது சில்லுச் சில்லாக உடைந்தது. உடைந்த முனையை உள்ளங்கையில் அழுத்தினால் ரத்தம் வந்தது. இதைத் தாண்டி அவளுக்குப் படிப்பு கிடையாது. கடைக்கு வரும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம், கறி கட்டிக் கொடுக்கும் நேரத்துக்குள், வாரம் ஒரு கேள்வி கேட்டாள். மூன்று வருஷம் கேட்டாள்.

பிறகு அவள் பேச்சுக்கு ஒரு கணக்கு வந்தது. பாரம் சுமக்கிற கால் எலும்பை எந்த நாய்க்கும் கொடுக்கக் கூடாது. அவசரமாக விழுங்குகிற நாய்க்குத் துண்டு போடக் கூடாது. முழுதாகக் கொடுத்து ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அரைமணிக்கு மேல் தட்டில் கிடந்ததை எடுத்துவிட வேண்டும். கறி வைத்த தட்டும் பலகையும் மனிதர் சமையலோடு சேரக் கூடாது.

"ஐஸ்ல வெச்சா கிருமி செத்துடும்ல?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"சாகாது, தூங்கும். வெளிய எடுத்ததும் முழிச்சுக்கும். நாயை விடுங்க, உங்க கையைக் கழுவுங்க."

"அப்போ ஆபத்துதானே?"

"ஆபத்து இல்லாத எலும்பு எங்க இருக்கு? பக்கத்துல நின்னு பாக்க முடியும்னா வாங்கிட்டுப் போங்க. போட்டுட்டு போன் பாக்கப் போறீங்கன்னா, வேண்டாம்."

வீட்டில் அம்மா கடும் மருந்து சாப்பிட்டுப் படுத்திருக்கிறார் என்று பேச்சுவாக்கில் சொன்ன ஒருவருக்கு, கட்டிய பொட்டலத்தையே திரும்ப வாங்கிக்கொண்டாள். "அவங்க எழுந்து நடக்கட்டும். அதுவரைக்கும் பச்சைக்கறி அந்த வீட்டுக்குள்ள போகக் கூடாது." கொழுந்தன் முன்பக்கத்திலிருந்து முறைத்தான்.

தான் பல் பார்த்த நாய்க்குத் தன் கையால் வெட்டிய எலும்புப் பொட்டலத்தை மட்டும் நீல நூலால் கட்டுவாள். இரண்டு சுற்று, பக்கவாட்டில் முடிச்சு. வேறு யாரும் அந்த நூலைத் தொடுவதில்லை.

"அண்ணி, போற எடம் நாய் வயிறு. ஏதோ அரண்மனைக்குப் போற மாதிரி கட்டறீங்களே" என்பான் கொழுந்தன்.

"போய்ச் சேர்ற வரைக்கும் என் பொறுப்பு தம்பி."

தையல்காரரின் நாய்க்கு மேனேஜர் என்று பெயர். "நாள் முழுக்க உக்காந்து அடுத்தவன் வேலை செய்யறதைப் பாக்குது. வேற என்ன பேரு வெக்கிறது?" என்பார். பழுப்பு நிறம், ஒன்பது வயது. அவர் மனைவி மகனோடு போய் இருந்துவிட்ட பிறகு, தையல் எந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடம் அதனுடையது. அது பறக்கப் பறக்க விழுங்குகிற ஜாதி. அதற்குக் கோழிக் கழுத்து, வெட்டாமல், முழுதாக. ஒரு முனை எப்போதும் தையல்காரர் விரலில் இருக்க வேண்டும். எப்படிப் பிடிப்பது என்று அவளே நான்கு நாள் நின்று காட்டிக்கொடுத்தாள்.

மகளுக்குப் பிரசவம் என்று பன்னிரண்டு நாள் வெளியூர் போனாள். போகுமுன் கொழுந்தனிடம் ஒன்றைத்தான் சொன்னாள்: "தம்பி, கழுத்தைக் கழுவி அப்படியே ஐஸ்ல போடு. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"இதுக்கு ஒரு பாடமா? போயிட்டு வாங்க அண்ணி."

திரும்பி வந்த அன்று காலை முன்பக்கம் கூட்டம் இல்லை. தையல்காரர் மட்டும் நின்றிருந்தார். கையில் நாய்ச் சங்கிலி இல்லை.

"பேரனா பேத்தியா?" என்று கேட்டார்.

"பேத்தி. எங்க உங்க மேனேஜர்?"

"போயிட்டான்."

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"வயித்தை அறுத்துப் பாத்தாங்க. கொடல்ல ரெண்டு எடத்துல ஓட்டை. தைக்கத் தைக்கவே போயிட்டான்." அவர் குரல் அளவெடுத்துச் சொல்வதுபோல் ஒரே சீராக இருந்தது. "நீங்க சொன்ன மாதிரி முனையைப் பிடிச்சுக்கிட்டேதான் இருந்தேன். மொறுக்குன்னு ஒடிஞ்சு என் கையோட வந்துடுச்சு. மிச்சத்தை முழுங்கிட்டான். நூலு நீல நூலுதான். அதனால நான் பயப்படல."

"மொறுக்குன்னா?"

"மொறுக்குன்னுதான்."

அவர் அதற்கு மேல் நிற்கவில்லை.

பின்கட்டுக்குப் போய் உறைபெட்டியைத் திறந்தாள். நீல நூல் கட்டிய பொட்டலங்கள் நிரையாக இருந்தன. இரண்டு சுற்று, பக்கவாட்டு முடிச்சு. பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறான். ஒன்றைத் தண்ணீரில் போட்டு இளக வைத்துப் பிரித்தாள். கழுத்து சாம்பல் வெள்ளையாக இருந்தது. இரண்டு கையாலும் வளைத்தாள். வளையவில்லை. உடைந்தது.

கொழுந்தன், கோழியை முக்கி இறகு பறிக்கும் வெந்நீர் அண்டாவின் பக்கத்தில் நின்றிருந்தான். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"இதுல போட்டியா?"

"என்னது?"

"கழுத்தை இதுல போட்டியான்னு கேக்கறேன்."

"கொஞ்ச நேரம் போட்டேன். வாங்கிட்டுப் போனா வீட்டு பிரிட்ஜ்ல ரத்தத் தண்ணி ஒழுகுது, நாத்தம் வருதுன்னு மாடி வீட்டுக்காரங்க தெனமும் பாட்டு. இப்போ பாருங்க, பளிச்சுன்னு இருக்கு. ஒருத்தர் கொற சொல்லல."

"நாய் செத்துருக்கு தம்பி."

"அண்ணி, பச்சைக்கறியில கிருமி இருக்குன்னு ஊரைக் கூட்டிச் சொன்னது யாரு? நீங்கதானே? நான் கிருமியைக் கொன்னேன். அது தப்பா?"

"கிருமி செத்துச்சு. கூடவே நாயும் செத்துச்சு. வெந்த எலும்பு ஊசிடா. ஒம்பது வருஷமா என் பக்கத்துல நிக்கற, இது ஒண்ணு ஒன் காதுல விழலையா?"

அவன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான். முகம் கொஞ்சம் வெளுத்தது. உடனே திரும்பக் கறுத்தது.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. மிச்சத்தைக் கொட்டிடறேன். நீங்க வெளிய வாயைத் திறக்காதீங்க."

"வாங்கிட்டுப் போனவங்க வீட்டுல இருக்கறதை யாரு கொட்டறது?"

"வாயைத் திறந்தா கடை போச்சு. கடை போனா நீங்க எங்க நிப்பீங்க? இன்னொண்ணு யோசிங்க அண்ணி. நூலு யாரோடது? யாரு கட்டினதுன்னு ஊருக்கு என்ன தெரியும்?"

அவள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நேராகத் தையல்காரரிடம் போனாள். அவர் யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அண்டாவைச் சொன்னாள். தான் ஊரில் இல்லாததைச் சொன்னாள். உடைந்த கழுத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்; அதையும் பிரித்து வைத்தாள்.

அவர் அதைப் பார்க்கவில்லை. ஊசியைத்தான் பார்த்தார்.

"பேரு வந்தா பல் டாக்டருக்கு. பழி வந்தா கொழுந்தனுக்கா?"

"அப்படி இல்லைங்க. அது வேக வெச்சது."

"டாக்டர் எலும்புன்னு சொன்னார். வெந்ததா வேகாததான்னு நான் கேக்கல. கேட்டு என்ன ஆகப்போவுது? நீங்க போங்கம்மா."

அதற்குள் செய்தி வேறு வழியில் போய்விட்டிருந்தது. பல் டாக்டர் கொடுத்த பச்சை எலும்பு நாயைக் கொன்றுவிட்டது. கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பச்சை என்றால் பயப்படுவது எளிது. எத்தனையோ பேர் முன்பே சந்தேகப்பட்டதாக இப்போது நினைவுக்குக் கொண்டுவந்தார்கள். கொழுந்தன் அதை மறுக்கவில்லை. நான்காம் நாள் கடை முன்னால் ஓர் அட்டை தொங்கியது: நன்கு வேகவைத்த நாய் எலும்புகள் கிடைக்கும்.

"தெரிஞ்சே விக்கறியா?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

"கேக்கறதை விக்கறேன். பச்சையா யாரும் கேக்கல." குரலைத் தாழ்த்தினான். "நீங்க இனிமே வர வேண்டாம் அண்ணி. உங்களைப் பாத்தா ஆளுங்க திரும்பிப் போறாங்க."

அவளுக்கு நாற்பத்தொரு நாயைத் தெரியும். எந்த நாய்க்கு எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, எது விழுங்கும், எது ஒளித்து வைக்கும் என்று தெரியும். வீடு தெரியாதவர்களின் வீட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். காலையிலிருந்து ஒவ்வொரு வாசலாகப் போனாள். தன் பெயரைக் காப்பாற்ற அவள் எதுவும் சொல்லவில்லை. அந்த வேலை முடிந்துபோனது என்று தையல்காரர் ஊசியைப் பார்த்தபோதே தெரிந்துகொண்டாள். ஒன்றே ஒன்று: வெந்த எலும்பு வேண்டாம். சிலர் கதவைத் திறக்கவில்லை. சிலர் கேட்டுவிட்டு, கொழுந்தன்மேல் உள்ள வயிற்றெரிச்சல் என்று அவள் படியிறங்குவதற்குள் பேசிக்கொண்டார்கள். இரண்டு வீடுகளில் எலும்பையே நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். அந்த இரண்டு வீட்டுப் படிகளில் மட்டும் அவள் கொஞ்சம் நிதானமாக இறங்கினாள்.

இருபதாவது வீடு மூன்றாம் மாடி. வெள்ளைக் குட்டைநாய், கீழ்வரிசையில் நான்கு பல் இல்லாதது. அதற்கு அவள் எலும்பே கொடுத்ததில்லை, அரைத்த கறிதான். கதவைத் திறந்தவள் நல்ல பெண். இவளைக் கண்டதும் முகம் சுளிக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

"தண்ணி வேண்டாம்மா. இவனுக்கு எலும்பு ஏதாவது குடுக்கறீங்களா?"

"ஐயோ, நீங்க மனசைப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. உங்க மேல எங்களுக்கு வருத்தமே இல்ல. நாங்க ஜாக்கிரதையாத்தான் இருக்கோம். அட்டை போட்டதுலேருந்து அங்கதான் வாங்கறோம். போதாததுக்கு நானும் வீட்டுல இன்னொரு அரைமணி நேரம் கொதிக்க விட்டுத்தான் போடறேன்."

"அதுதாம்மா குத்தும். வெந்தா ஒடையும். இந்தப் பல்லுக்கு எந்த எலும்பும் ஆகாது. தையல்காரர் நாய் தின்னதும் வெந்த எலும்புதான்."

அந்தப் பெண் அவள் தோளை மெல்லத் தொட்டாள். தவறு செய்துவிட்டுப் புலம்புகிறவர்களைத் தொடுவது அப்படித்தான் இருக்கும்.

"சரிங்கம்மா. நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே தட்டைத் தரையில் வைக்கிற சத்தமும், நாயின் நகங்கள் ஓடி வருகிற சத்தமும் கேட்டன. அவள் மணியை அடித்தாள். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தாள். உள்ளே யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்கள்.